விசையை நகர்த்தினால் திருப்புத்திறனும் கூடவே வரும்

கேள்வி: ஐயா, பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவில் சேன்-பியேர் ஊரில் கட்டுமானப் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை புதுச்சேரியில் படித்தேன். அங்கே விசை, திருப்புத்திறன், இரட்டை (சம அளவில், இணையான இரு கோடுகளில் எதிரெதிராக இழுக்கும் இரண்டு விசைகள்) என்று தனித்தனியாகப் படித்ததெல்லாம் இங்கே ‘தொர்சர்’ என்ற ஒரே பெயரில் வருகிறது. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் கணக்கு, சாலையோரப் பெயர்ப்பலகை. கம்பம் 5 மீட்டர். பலகை 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம், கம்பத்துக்கு வலப்பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. பலகையின் மையம் கம்பத்தின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 4.2 மீட்டர் உயரத்தில். பலகையின் முகத்தில் நேராக அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன். பலகையின் எடை 0.4, கம்பத்தின் எடை 0.6 கிலோநியூட்டன். அடியில் திருப்புத்திறன் 10.08 என்று போட்டேன். விடையில் 10.08, 0.48, 2.88 என மூன்று எண்கள் இருக்கின்றன.

இரண்டாவது, 4 மீட்டர் உத்தரத்தின் நடுவே 6 கிலோநியூட்டன் மீட்டர் இரட்டை. இடது தாங்கியிலிருந்து 2 மீட்டர் தூரம் என்பதால் 6 × 2 என்று போட்டேன். தவறு என்கிறார்கள்.

மூன்றாவது, 6 மீட்டர் உத்தரம் முழுக்க மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் பரவு சுமை. நடுவில் 24 கிலோநியூட்டன் என்று ஒரே சுமையாக மாற்றினேன். தாங்கிகளின் எதிர்விசை சரியாக வந்தது. நடுவில் வளைவுத் திருப்புத்திறன் மட்டும் விடையைப் போல இரண்டு மடங்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று சமானம் என்றால் விடை ஏன் மாற வேண்டும்?

பதில்: உங்கள் 10.08 சரியான எண்தான். மற்ற இரண்டையும் எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். மூன்று கணக்குக்கும் வேர் ஒன்றே: சமானம் என்ற சொல்லை அது தாங்குவதற்கு மேல் நம்பியிருக்கிறீர்கள்.

இரண்டு விசைத் தொகுதிகள் சமானம் என்றால் இரண்டு நிபந்தனைகள் பொருந்த வேண்டும். விசைகளின் கூட்டுத்தொகை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு புள்ளியைச் சுற்றிய திருப்புத்திறனும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு புள்ளியில் பொருந்திவிட்டால் எல்லாப் புள்ளியிலும் பொருந்தும். தொர்சர் என்பது இந்த இரண்டையும் ஒரே அடைப்புக்குள் எழுதிவைக்கும் முறை, அவ்வளவுதான்: மேலே தொகுபயன் விசை (அதாவது விசைகளின் கூட்டுத்தொகை), கீழே குறிப்பிட்ட புள்ளியில் திருப்புத்திறன். புதுச்சேரியில் படித்ததற்கும் இதற்கும் முரண்பாடு கிடையாது. ஆனால் எந்தப் புள்ளியில் என்று எழுதாத தொர்சருக்குப் பொருளே இல்லை. அந்த எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

இனி விசையை நகர்த்துவது. ஒரு விசையை அதன் நேர்கோட்டிலேயே முன்னும் பின்னும் தள்ளினால் எதுவும் மாறாது. கோட்டை விட்டு வேறொரு புள்ளிக்குக் கொண்டுபோனால்தான் ஈடாக ஒரு இரட்டையைச் சேர்க்க வேண்டும். காரணம் எளிது. புதிய புள்ளியில் அதே அளவில் எதிரெதிராக இரண்டு விசைகளை வைத்துப் பாருங்கள். ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் எதுவும் மாறவில்லை. இப்போது அவற்றில் ஒன்றுதான் நீங்கள் நகர்த்த நினைத்த விசை. மற்றொன்று பழைய இடத்து விசையோடு சேர்ந்து இரட்டையாகிவிடுகிறது. கூடுதலாக வந்து நிற்கும் திருப்புத்திறன் அதுதான். இரட்டையைத் தனிப்பொருளாக எடுத்து நிலையியலை இப்படி அமைத்தவர் பிரான்சின் லூயி புவான்சோ, 1803-இல். உங்கள் பிரெஞ்சுப் பாடநூல் நடக்கும் பாதை அவர் போட்டதுதான்.

தீவில் தைப்பூசக் காவடி பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் தண்டின் ஒரு முனையில் 2 கிலோ பால் சொம்பு, மறுமுனையில் 3 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சமானமான ஒரே சுமை 5 கிலோ. அது இருக்கும் இடம் கனமான முனையிலிருந்து 0.4 மீட்டர். தோள் அங்கே இருந்தால் கைக்கு வேலையில்லை. தோளைத் தண்டின் நடுவில் வைத்தால் 5 கிலோவை 0.1 மீட்டர் நகர்த்தியதாகிறது, கூடவே 5 கிலோ × 0.1 மீட்டர் = 0.5 என்ற திருப்புத்திறன் வருகிறது. தோளிலிருந்து லேசான பக்கம் கால் மீட்டரில் தண்டைப் பிடித்திருக்கும் கை, 2 கிலோ அளவுக்குக் கீழே இழுத்துத்தான் அதைச் சமாளிக்க வேண்டும். அப்போது தோளுக்கு 5 அல்ல, 7 கிலோ. திருப்புத்திறனை எழுத மறந்தால் இந்த 2 கிலோ கணக்கிலேயே வராது.

இப்போது உங்கள் பலகை. வலம், பின், மேல் என்ற வரிசையில் மூன்று திசைகள் வைத்துக்கொள்வோம். காற்று பின்னால் தள்ளுகிறது. கம்பத்தின் அடியிலிருந்து பலகையின் மையத்துக்குப் போகும் வெக்டர் (1.2, 0, 4.2). பலகையின் பரப்பு 2.4 சதுர மீட்டர், ஆகவே காற்றின் விசை (0, 2.4, 0) கிலோநியூட்டன். வெக்டர் பெருக்கல் போட்டால் (−10.08, 0, 2.88) கிலோநியூட்டன் மீட்டர். 10.08 என்பது 4.2 உயரத்தால் வருவது, கம்பத்தைப் பின்னால் சாய்க்கப் பார்க்கிறது. 2.88 என்பது 1.2 மீட்டர் பக்கவாட்டுத் தூரத்தால் வருவது, கம்பத்தை அதன் அச்சிலேயே முறுக்குகிறது. நீங்கள் கம்பத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து ஒரே ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பார்வையில் பலகை கம்பத்தின் மேலேயே இருப்பதுபோலத்தான் தெரியும், 1.2 மீட்டர் மறைந்துவிடும். முப்பரிமாணக் கணக்கில் மேலிருந்து பார்க்கும் படம் ஒன்றையும் கட்டாயம் போடுங்கள்.

பலகையின் எடை (0, 0, −0.4) அதே மையத்தில் இறங்குகிறது. அடிக்குக் கொண்டுவந்தால் (0, 0.48, 0). இது கம்பத்தை வலப்பக்கம் சாய்ப்பது. கம்பத்தின் எடை அச்சிலேயே இறங்குவதால் திருப்புத்திறன் எதுவும் தராது. மொத்தத்தில் அடியில் விசை (0, 2.4, −1.0), திருப்புத்திறன் (−10.08, 0.48, 2.88). உங்கள் விடையில் இருப்பவை இந்த மூன்று எண்கள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: இது சுமை. அடித்தளம் தரும் எதிர்வினை வேண்டுமென்றால் ஆறு எண்களின் குறியையும் மாற்ற வேண்டும். சுமையையும் எதிர்வினையையும் ஒரே படத்தில் ஒரே நிறத்தில் வரைகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

2.88 சின்ன எண்ணாகத் தெரியலாம். அது என்ன செய்கிறது என்று அடித்தகட்டின் போல்ட்டில் பாருங்கள். 300 மில்லிமீட்டர் சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு போல்ட் என்று வைப்போம். காற்றின் 2.4-ஐ நான்காகப் பிரித்தால் ஒரு போல்ட்டுக்கு வெட்டு விசை (போல்ட்டைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை) 0.6 கிலோநியூட்டன். முறுக்கின் பங்கு தனி: ஒவ்வொரு போல்ட்டிலும் வலம்-இடம் திசையில் 2.4, முன்-பின் திசையில் 2.4. சரிபார்ப்பு: நான்கு போல்ட், ஒவ்வொன்றிலும் 2.4 × 0.15 இரண்டு முறை, மொத்தம் 2.88. பலகை இருக்கும் வலப்பக்கப் போல்ட்களில் முறுக்கும் காற்றும் ஒரே திசையில் கூடுகின்றன. அங்கே முன்-பின் 3.0, வலம்-இடம் 2.4, மொத்தம் 3.84. முறுக்கை மறந்தவர் 0.6-க்கு வடிவமைப்பார், உண்மை அதன் ஆறு மடங்குக்கும் மேலே.

இழுவிசை வேறு போல்ட்டில் உச்சத்துக்குப் போகிறது. அடித்தகடு விறைப்பானது, எதிர்ப்பக்கத்துப் போல்ட் வரிசையே அமுக்கத்தைத் தாங்குகிறது என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், 10.08-ஐ 0.3-ஆல் வகுத்து இரண்டு போல்ட்டுக்குப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் 16.8. பலகை எடையின் 0.48 தருவது இன்னொரு 0.8. மொத்த எடை 1.0 ஒவ்வொரு போல்ட்டிலும் 0.25 குறைக்கும். காற்று அடிக்கும் பக்கம், பலகைக்கு எதிரே இருக்கும் இடதுமூலைப் போல்ட்டில் 17.35 கிலோநியூட்டன் இழுவிசை. அதே போல்ட்டில் வெட்டு விசை 3.0. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் போல்ட்டைச் சோதிக்க வேண்டும். இடம் பார்க்காமல் உச்ச இழுவிசையோடு உச்ச வெட்டு 3.84-ஐச் சேர்ப்பவர் பாதுகாப்பான பக்கம் தவறுகிறார். முறுக்கை விட்டவர் ஆபத்தான பக்கம் தவறுகிறார்.

கணக்கில் கொடுத்த 1 கிலோநியூட்டன் அழுத்தம் ஏறக்குறைய மணிக்கு 145 கிலோமீட்டர் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் கரான்ஸ் என்று அடுத்தடுத்துப் புயல் பார்த்த தீவு உங்களுடையது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்று 205 ஆனால் அழுத்தம் இரண்டு மடங்கு, 290 ஆனால் நான்கு மடங்கு. பலகையின் வடிவத்துக்கான கெழுவையும் உங்கள் கணக்கு விட்டிருக்கிறது. பாடக் கணக்குக்கு அது போதும், நிஜப் பலகைக்குப் போதாது.

சூத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு மாணவர்கள் ‘பாபார்’ என்று மனப்பாடம் செய்வார்கள்: பே (B) என்ற புள்ளியில் திருப்புத்திறன் = ஆ (A) என்ற புள்ளியில் திருப்புத்திறன் + பே-ஆ வெக்டர் × தொகுபயன் (R, பிரெஞ்சில் ஏர்). எழுத்துகளை வரிசையாகப் படித்தால் பே, ஆ, பே, ஆ, ஏர். மனப்பாடம் நல்லதுதான், ஆனால் திசையைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். வெக்டர் புதிய புள்ளியில் தொடங்கி, பழைய புள்ளியில் முடிய வேண்டும். நம் பலகையில் புதிய புள்ளி அடி, பழைய புள்ளி பலகையின் மையம்; அடியிலிருந்து மையத்துக்குத்தான் (1.2, 0, 4.2) எழுதினோம். தலைகீழாக எழுதினால் அளவு சரியாக வரும், குறி முழுக்க மாறிவிடும். விடைத்தாளில் அளவு மட்டும் பொருந்தி குறி மாறி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நகர்த்தியது சரியா என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. தொகுபயன் விசைக்கும் திருப்புத்திறனுக்கும் ஸ்கேலர் பெருக்கல் போடுங்கள். அந்த எண் எந்தப் புள்ளியில் போட்டாலும் மாறக்கூடாது. அடியில்: 2.4 × 0.48 − 1.0 × 2.88 = −1.728. இனி பலகையின் மையத்தில் போடுங்கள். அங்கே காற்றும் பலகை எடையும் திருப்புத்திறன் தராது, கம்பத்தின் எடை மட்டும் (0, −0.72, 0) தரும். பெருக்கினால் 2.4 × −0.72 = −1.728. இரண்டும் ஒன்று, ஆகவே நகர்த்தியது சரி. அரை நிமிட வேலை, தேர்வில் செய்துபாருங்கள்.

அந்த எண் இன்னொன்றையும் சொல்கிறது. பூச்சியம் வந்து, தொகுபயனும் பூச்சியமல்ல என்றால் மொத்தத்தையும் ஒரே விசையாகச் சுருக்கலாம். பூச்சியம் இல்லையென்றால் முடியாது. கம்பத்தின் எடையை விட்டுவிட்டுப் போட்டால் 2.4 × 0.48 − 0.4 × 2.88 = 0 என்று வரும். காற்றும் பலகை எடையும் ஒரே புள்ளியில் சந்திப்பதால் அவை ஒரே விசையாகின்றன. கம்பத்தின் எடை அந்த விசையின் கோட்டைத் தொடாமல் விலகிப் போவதால்தான் −1.728 மிஞ்சுகிறது. “இதை ஒரே விசையாக மாற்றுக” என்று கேட்டால் முதலில் இதைப் பாருங்கள், இல்லாத விடையைத் தேடி அரைமணி நேரம் போகாமல் இருக்கும்.

இரண்டாவது கணக்குக்கு வருவோம். இரட்டையின் திருப்புத்திறன் எந்தப் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் அதே 6 தான். பாபார் சூத்திரத்திலேயே தெரியும்: இரட்டையின் தொகுபயன் விசை பூச்சியம், ஆகவே தூரத்தோடு பெருக்க எதுவும் இல்லை. 6 × 2 போட்டபோது அலகைப் பார்த்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும். கிலோநியூட்டன் மீட்டரை மீட்டரால் பெருக்கினால் திருப்புத்திறன் வராது. தாங்கிகளின் எதிர்விசை 6 ÷ 4 = 1.5 கிலோநியூட்டன், ஒன்று மேலே, மற்றது கீழே. இரட்டையை உத்தரத்தில் எங்கே நகர்த்தினாலும் இந்த 1.5 மாறாது. ஆனால் உத்தரத்துக்குள்ளே வளைவுத் திருப்புத்திறன் (சுருக்கமாக வளைவு) மாறும். இரட்டை இருக்கும் இடத்தில்தான் வளைவுப் படம் சட்டென்று 6 அளவு குதிக்கிறது. நடுவில் இருந்தால் ஒரு பக்கம் 3, மறுபக்கம் −3. இடது தாங்கியிலேயே வைத்தால் அங்கே 6-இல் தொடங்கி வலது தாங்கியில் பூச்சியத்தில் முடியும்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேயே தொடங்கிவிட்டது. சமானம் என்பது முழுப் பொருளின் சமநிலைக்கு மட்டும். பொருளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. மீட்டருக்கு 4 என்று பரவிய சுமையையும் நடுவில் நிற்கும் 24-ஐயும் தாங்கிகள் வேறுபடுத்திப் பார்க்காது, இரண்டுக்கும் 12, 12 என்றே பதில் சொல்லும். உத்தரத்தின் நடு வெட்டுமுகத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. நடுவில் வெட்டினால் இடது பாதியின் மேல் இருப்பது 3 மீட்டர் நீளச் சுமை, 12 கிலோநியூட்டன். அதன் சமானம் வெட்டிலிருந்து 1.5 மீட்டரில் நிற்கும். வளைவு 12 × 3 − 12 × 1.5 = 18. நீங்கள் 24-ஐ நடுவில் நிறுத்தியதால், வெட்டுக்கு இடப்பக்கம் சுமையே இல்லாத உத்தரம் கிடைத்தது. 12 × 3 = 36 அப்படித்தான் வந்தது. சுமையை நடுவில் குவித்தால் வளைவு இரண்டு மடங்காவது எண் விளையாட்டு அல்ல, அப்படிக் குவித்து வைத்த உத்தரம் உண்மையிலேயே இரண்டு மடங்கு வளைவைத் தாங்க வேண்டியிருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: எந்தத் துண்டை ஆராயப்போகிறீர்களோ, அதை முதலில் வெட்டித் தனியே வையுங்கள். அந்தத் துண்டின் மேல் உள்ள சுமையை மட்டும் பிறகு சமானமாக மாற்றுங்கள். மாற்றிவிட்டு வெட்டக்கூடாது. பலகைக் கம்பத்திலும் இதேதான். தரையிலிருந்து 2 மீட்டரில் கம்பத்தை வெட்டினால் மேல் துண்டில் காற்றின் வளைவு 2.4 × 2.2 = 5.28, முறுக்கு அதே 2.88. வளைவு கீழே போகப் போக வளரும், முறுக்கு பலகைக்குக் கீழே கம்பம் முழுக்க மாறாமல் இருக்கும்.

முக்கோணச் சுமை வரும்போது இன்னொரு பிழைக்கு இடமுண்டு. 3 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் சுவரில் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 29.4 கிலோநியூட்டன், மேலே பூச்சியம். ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு மொத்தம் அதன் பாதி × 3 = 44.1 கிலோநியூட்டன். அது நிற்பது கனமான பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது அடியிலிருந்து 1 மீட்டரில். அடியில் திருப்புத்திறன் 44.1. அவசரத்தில் 2 மீட்டரில் வைப்பவர்கள் நிறையப் பேர். தண்ணீர் எங்கே அதிகமாக அழுத்துகிறதோ அதன் பக்கம்தான் தொகுபயன் இருக்கும் என்று நினைவில் வைத்தால் போதும். சரிவகச் சுமை வந்தால் செவ்வகம் ஒன்று, முக்கோணம் ஒன்று என்று பிரித்து இரண்டு விசைகளாக வையுங்கள். ஒரே மையம் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை நம்பி உட்கார வேண்டாம்.

உங்கள் 6 மீட்டர் உத்தரத்தையே எடுத்து, இடது தாங்கியிலிருந்து 2 மீட்டரில் வெட்டிப் பாருங்கள். துண்டின் மேல் 8 கிலோநியூட்டன், வெட்டிலிருந்து 1 மீட்டரில். வெட்டு விசை 4, வளைவு 16 வர வேண்டும். 24 வந்தால் அந்த 8 துண்டிலிருந்து விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.